புளித்தமாவும் நட்பும்

அமெரிக்க நாட்டில் "அமிஷ் நட்பு ரொட்டி" என்று வழங்கும் இனிய ரொட்டி ஒன்றுண்டு. அது சுடப்படும் முறையினும், வீட்டுக்கு வீடு செல்லும் முறையே நம் கருத்தைக் கவர்வது. ஒருநாள் தோழி ஒருத்தி ஒரு கிண்ணம் புளித்தமாவும் எழுதிய குறிப்பொன்றும் கொணர்ந்து நம் கையில் தருகின்றாள். அன்று முதல் பத்து நாள் அதனைப் பேணுதல் நம் கடன். நாள்தோறும் கிளறிவிடல் வேண்டும்; ஆறாம் நாள் கோதுமை மாவு, சர்க்கரை, பால் ஆகிய மூன்றும் வகைக்கு ஒரு கிண்ணம் சேர்த்தல் வேண்டும். பத்தாம் நாள் மீண்டும் அவ்வாறே சேர்த்து, நான்கு கிண்ணம் தனியே எடுத்து, ஒன்றைத் தமக்கென வைத்து, மூன்றை நண்பர் மூவர்க்கு அளித்தல் வேண்டும். எஞ்சியதனோடு முட்டை, எண்ணெய், இலவங்கப்பட்டைப் பொடி முதலியன கூட்டி ரொட்டி சுட்டுக்கொள்ளலாம். இவ்வழக்கம் நட்பை வளர்ப்பதா, நட்பின்மேல் சுமை ஏற்றுவதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

முதற்கண் புளித்தமாவின் இயல்பை அறிதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத ஈஸ்டும், பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களும் அதன்கண் கூடி வாழ்கின்றன. ஈஸ்டு சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுதலால் மாவு பொங்குகின்றது. பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குதலால் புளிப்பு ஏறுகின்றது. அப்புளிப்பே மாவைக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றைத் தலையெடுக்கவொட்டாது தடுக்கின்றது. பால் புளித்தல் நுண்ணுயிரின் தொழிலே என்று 1857-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். உயிருள்ள பொருளாதலின் அதற்கு உணவு வேண்டும். உணவு பெறின் அது பெருகும். பெருகியதைப் பிறர்க்குக் கொடுத்தல் வேண்டும், அன்றேல் கொட்டுதல் வேண்டும். ஆகவே, இம்மாவின்கண் ஈகை என்பது அதன் பிறவிக்குணம் எனலாம்.

ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு ஓர் இடர்ப்பாடு தோன்றும். ஒவ்வொருவரும் ஒன்றை வைத்து மூன்றை அளிப்பராயின், பத்தாம் நாள் ஒன்று நான்காகும். இருபதாம் நாள் 16. முப்பதாம் நாள் 64. நூறாம் நாளில் அஃது 10,48,576 கிண்ணமாகும்! அத்துணை நண்பர்க்கு எங்கே போவது? சில திங்களுள் ஓரூரில் உள்ளாரெல்லாம் இதனைப் பெற்றுவிடுவர். பின்னர்த் தோழியைத் தொலைவிற் கண்டதும் வேறு வழி செல்வோரும் உளராவர். செருமனி நாட்டிலும் 1980-களில் "ஹெர்மன்" என்று பெயரிட்ட இத்தகைய மாவு கைமாறி வந்தது. பெற்றவன் மேலும் பலர்க்கு எழுதியே தீரவேண்டும் என்று பணிக்கும் சங்கிலிக் கடிதத்திற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

இனி, இதன் பெயரை நோக்குவோம். அமிஷ் என்போர், 1693-ஆம் ஆண்டில் யாக்கோபு அம்மான் என்பாரைப் பின்பற்றிப் பிரிந்த கிறிஸ்தவக் கூட்டத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிற் குடியேறி, இன்றும் எளிய வாழ்க்கையைப் போற்றுவோர். ஆனால் கைமாறி வரும் குறிப்புக்கள் பலவற்றில் கடையில் விற்கும் வனிலாப் புட்டிங் பொடியும், பேக்கிங் பௌடரும் இடம்பெற்றுள்ளன. பௌடரே ரொட்டியை எழுப்பிவிடுமாயின் புளித்தமாவிற்கு வேலை சிறிதே அன்றோ? அமிஷ் சமையலைப்பற்றிச் செய்தித்தாள்களில் எழுதிவந்த எலிசபெத் கோப்ளென்ட்ஸ் என்னும் அமிஷ் மாது, உண்மையான நட்பு ரொட்டியாவது நோயுற்றார்க்கும் வறியார்க்கும் கொடுக்கப்படும் புளித்தமா ரொட்டியே என்று கூறியுள்ளார். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது. அவர் கூறுவது ரொட்டியைக் கொடுத்தல். மற்றையது வேலையைக் கொடுத்தல். முன்னது பெறுவோன் பசியை நோக்குவது. பின்னது தொடர் அறுந்துபடாமையை நோக்குவது.

அங்ஙனமாயின் இவ்வழக்கத்தையே ஒழித்துவிடலாமே என்பர் சிலர். 1868-ஆம் ஆண்டு தொடங்கி ஃப்ளைஷ்மன் குடும்பத்தார் அமெரிக்காவில் அழுத்திய ஈஸ்டை விற்கலாயினர். பின்னர் ஈஸ்டு எளிய கடைச்சரக்காயிற்று. அண்டை வீட்டாரை நாடவேண்டுவது ஏன் என்பது அவர் வினா. இதனை யாம் உடன்படோம். 2020-ஆம் ஆண்டில் பெருநோய் பரவி, மக்கள் வீட்டினுள் அடைபட்ட காலத்து, பல நாடுகளில் கடைகளில் ஈஸ்டு கிடைத்திலது. அப்பொழுது பலர் தம் வீட்டிலேயே மாவைப் புளிக்கவைத்தனர். அண்டையாரிடம் பெற்றோரும் உண்டு. ஒரு வீட்டு மாவு கெட்டொழியினும், அது கொடுத்த வீட்டில் வாழும். ஆண்டிருந்து மீண்டும் பெறலாம். பலர் கையில் இருப்பதே அதற்குக் காப்பு.

நம் நாட்டிலும் இதனை யொத்த வழக்கம் உண்டு. உறைமோர் இல்லாத வீட்டார் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கரண்டி வாங்குகின்றனர். கேட்டவர்க்கே அது கொடுக்கப்படுகின்றது. கூடவே குறிப்பு வருவதில்லை. மூவர்க்குக் கொடு என்னும் கட்டளையும் இல்லை. நாளை நம் வீட்டில் உறை இல்லையெனின் அவ்வீட்டிலேயே கேட்டுப் பெறுவோம். இதனையே யாம் சிறந்த முறையென்று கருதுகின்றோம்.

வேதாகமத்தை வாசிப்போர், பரலோக ராஜ்யத்திற்கு உவமையாக மத்தேயு சுவிசேஷத்தில் புளித்தமா கூறப்பட்டிருத்தலை அறிவர். பவுல் அப்போஸ்தலரோ அதனையே தீமை பரவுதற்கு உவமையாக்கினார். இரண்டும் பொருந்துவனவே. புளித்தமா தன்னிடத்து உள்ளதையே பரப்பும். அன்பு இருப்பின் அன்பையும், கட்டாயம் இருப்பின் கட்டாயத்தையும் பரப்பும்.

இதனை நம் கல்லூரி வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தல் நன்று. விடுதியில் ஒரு மாணவன் தோழர்க்கு விருந்தளிக்கின்றான். உண்டவர் ஒவ்வொருவரும் தாமும் அளித்தல் வேண்டும் என்பது சொல்லாமலே சட்டமாகின்றது. பொருளுள்ளார்க்கு அது விளையாட்டு. கட்டணத்திற்கே வீட்டாரை எதிர்நோக்கி நிற்கும் ஏழை மாணவனோ, அடுத்த விருந்திற்குத் தலைவலி என்று சொல்லி அறையிலேயே தங்கிவிடுகின்றான். அவனை விலக்கியவர் ஒருவருமிலர். ஆயினும் அவன் விலக்கப்பட்டான். நட்பின் பெயரால் நிகழும் இக்கொடுமையைக் கொடுப்போர் காண்பதில்லை. அவர்தம் உள்ளம் நல்லதே. ஆதலின் முறைதான் திருந்தல் வேண்டும்.

ஆகவே யாம் கூறுவது இதுவே: முதலில் ரொட்டியைக் கொடுப்போம், உண்டவன் விரும்பிக் கேட்பின் மாவையும் கொடுப்போம், கொடுத்தபின் அதன் கணக்கைக் கேளாதிருப்போம். அவன் அதனை வளர்க்கலாம், பிறர்க்கு அளிக்கலாம், வாளா விட்டுவிடவும் செய்யலாம். அவ்வாறு விட்டவனும் மறுநாள் நம் முகத்தை நோக்கி, நாணமின்றி நம்மோடு அமர்ந்து உண்ணக் கூடுமாயின், அதுவே நட்பு ரொட்டி.