பங்களாவுக்குப் பாரம்பரியப் பெருமை. லைன் வீட்டுக்குப் பத்திரம் எப்போது?

பழைய வீடுகளைப் போற்றுவது பெங்களூரின் மேட்டுக்குடியினரிடையே ஒரு நாகரிகமாகியுள்ளது. கன்டோன்மென்ட் பகுதியின் பங்களாக்கள், சாளரங்களுக்கு மேல் கூர்முனையாக எழும் ‘மங்கி டாப்’ மரவேலைப்பாடு, மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், தோட்டத்து மாமரம் என ஒவ்வொன்றும் படம்பிடிக்கப்படுகிறது. பாரம்பரிய நடைப்பயணங்கள் நடத்தப்படுகின்றன. இடிபடும் ஒவ்வொரு பங்களாவுக்கும் இரங்கலுரை எழுதப்படுகிறது. இடிபடுவது உண்மைதான். ரெசிடென்சி சாலையில் விக்டோரியா ஓட்டல் நின்ற இடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது. அதற்காக வருந்துவதில் தவறில்லை. ஆனால், எந்த வீட்டுக்காக வருந்துகிறார்கள், எந்த வீட்டைக் கண்டுகொள்வதே இல்லை என்ற கேள்வியை உழைக்கும் மக்கள் எழுப்பியே ஆக வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்டை நிறுவியபோது அதன் தெருக்களையும் பங்களாக்களையும் எழுப்பியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளர்கள். 1898இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடிய பின் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்டன. அவ்வீடுகளைக் கட்டிய கொத்தனாரின் குடிசை எங்கே இருந்தது, அது என்னவாயிற்று என்று பாரம்பரியக் கட்டுரைகள் சொல்வதில்லை. 1884இல் தொடங்கி, பின்னர் பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்த பஞ்சாலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் நிற்கின்றன. பல தலைமுறைத் தொழிலாளர்களின் வியர்வை படிந்த அந்த மண்ணுக்கு இரங்கலுரை எழுதியவர்கள் மிகச் சிலரே.

பழைய வீட்டின் உரிமையாளருக்கும் சிரமங்கள் உண்டு. ஒழுகும் கூரையும் கரையான் அரித்த உத்திரமும் அவரையும் விடுவதில்லை. ஆயினும் அவர் கையில் பத்திரம் இருக்கிறது. பழுது பார்க்கலாம், விற்கலாம், கட்டுமான நிறுவனத்தோடு பங்கு பேசலாம். அதே பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் கர்நாடக அரசு கொண்டுவந்த 1999ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், பெருநகரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளைத் தன் பாதுகாப்பிலிருந்தே விலக்கிவிட்டது. இன்றைய பெங்களூரில் அந்தத் தொகைக்கு ஒற்றை அறை கிடைப்பதும் அரிது. 2021 செப்டம்பர் 27 அன்று லக்கசந்திராவில் மெட்ரோ கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த பழைய மூன்று மாடிக் கட்டிடம் சரிந்து விழுந்தது. ஆபத்தை உணர்ந்து முன்னதாகவே வெளியேறியதால் அவர்கள் உயிர் தப்பினர். பழமை பங்களாவில் இருந்தால் பாரம்பரியம். தொழிலாளியின் தலைக்கு மேல் இருந்தால் இடிபாடு!

இந்த இரட்டை அளவுகோலின் முழு வடிவத்தைக் காண பெங்களூரிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் செல்ல வேண்டும். சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் 1902இல் முதலில் சென்றது அங்குதான். பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905இல். நகரத்துக்கு வெளிச்சம் வந்ததே தங்கச் சுரங்கத்தின் தேவைக்குப் பிறகுதான் என்பது வரலாறு.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு நவீன முறையில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற, பெரும்பாலும் தலித் மக்களான தமிழர்கள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றது. மேலே ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைந்தன. தொழிலாளருக்கு மூங்கில் தட்டிக் குடிசைகள், பின்னர் வரிசை வரிசையாக ஒற்றை அறை லைன் வீடுகள். ஆழத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் அவ்வீடுகளின் சுவர்கள் அதிர்ந்தன. கீழே வேலைக்குப் போன கணவன் திரும்புவானா என்ற கேள்வியோடு பெண்கள் அச்சுவர்களைத் திரும்பத் திரும்பப் பூசி மெழுகினர்.

அந்த மக்கள் வெறுமனே பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்தாதே என்று கூறி வேலைநிறுத்தம் செய்தனர். 1946இல் நீண்ட வேலைநிறுத்தமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் தியாகமும் தங்கவயலின் செங்கொடி வரலாற்றில் பதிந்துள்ளன. 1956இல் மைசூர் அரசும், 1962இல் ஒன்றிய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 மார்ச் முதல் நாளிலிருந்து வாஜ்பாய் அரசின் ஆட்சியில் அது மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த மண்ணின் மக்கள் ஒரே ஆணையில் வேலையற்றவர்களாயினர்.

வேலை போயிற்று, வீடு மட்டும் எஞ்சியது. அதுவும் யாருடையது? கூரை மாற்றியதும், கதவு வைத்ததும், பின்புறம் ஒரு சமையலறை எழுப்பியதும், இடிந்த சுவரை மீண்டும் கட்டியதும் அங்கு வாழும் குடும்பங்கள். ஆனால் நிலம் நிறுவனத்தின் கணக்கில் உள்ளது. மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு ஆகியும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்கும் குரல் அங்கே ஓயவில்லை. 1930இல் தொழிலாளியின் விரல்ரேகையைப் பதிவு செய்ய அவ்வளவு அவசரம் காட்டிய அதிகாரம், அவருடைய பேரனின் பெயரை வீட்டுப் பத்திரத்தில் பதிவு செய்ய மட்டும் ஏன் இத்தனை தயக்கம் காட்டுகிறது?

இந்தப் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்குப் புதியவர்கள் அல்லர். நாள்தோறும் இருட்டு விலகுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் நெருக்கியடித்து ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் வந்து, காவலாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் ஆலைத் தொழிலாளர்களாகவும் உழைத்து இரவில் திரும்புகிறார்கள். பெங்களூரில் வாடகை கொடுக்க இயலாததால்தான் பாட்டன் காலத்து லைன் வீட்டை விடாமல் பற்றியிருக்கிறார்கள். அந்தக் கூரையும் பறிபோனால் பெருநகரின் சேரிகளைத் தவிர அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை.

ஆபத்து கற்பனையானதன்று. தங்கவயலின் சயனைடு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்காக, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிய 13 மண்மேடுகளை ஏலம் விடும் ஒன்றிய அரசின் முடிவுக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றடிக்கும் போதெல்லாம் அம்மேடுகளின் தூசியைச் சுவாசித்தவர்கள் லைன் வீட்டு மக்கள். தூசி அவர்களுக்கு, தங்கம் ஏலம் எடுப்பவருக்கு! மேட்டுக்கு விலை வந்தால் மேட்டடி நிலத்துக்கும் விலை வரும். அப்போது பத்திரமில்லாத குடும்பத்தை நிறுவனச் சொத்தில் இருப்பவர் என்று ஒதுக்க ஒரு வரி ஆணை போதும்.

‘சொந்த வீடு கேட்பது குட்டி முதலாளித்துவ ஆசை அல்லவா?’ என்று சிலர் எங்கெல்சைத் துணைக்கழைக்கக்கூடும். 1872இல் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சனை’ கட்டுரைகளில், பெருநகரத் தொழிலாளிக்கு இடம்விட்டு இடம்பெயரும் சுதந்திரமே முதன்மையானது, சொந்தக் குடிசை அவரைக் கட்டிப்போடும் விலங்காகும் என்று அவர் வாதிட்டது உண்மையே. ஆனால், ஆலை முதலாளி கொடுக்கும் வீட்டின் வழியே தொழிலாளியின் கழுத்தைப் பிடித்திருக்கிறான் என்பதையும் அவர்தான் அம்பலப்படுத்தினார். ஏழைகளின் குடியிருப்பை ஓரிடத்தில் இடிக்கும் முதலாளித்துவம் அதை வேறிடத்துக்கு நகர்த்துகிறதேயன்றிப் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை என்பதும் அவர் காட்டிய உண்மை. தங்கவயலில் முதலாளியும் போனான், வேலையும் போயிற்று. பிடி மட்டும் தளரவில்லை. அங்கே பத்திரம் கேட்பது சொத்து சேர்க்கும் ஆசையன்று. நான்கு தலைமுறைக் கூலியில் கொடுக்கப்படாமல் நின்ற பாக்கியைக் கேட்பதாகும்.

முன்னுதாரணம் இல்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது. மும்பையில் 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்கள் அரசின் சொத்து. வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். அவர்களுக்குத் தலா 500 சதுர அடி வீடு, கட்டணமின்றி, உரிமையோடு வழங்கப்படும் என ஏற்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் சாவிகள் கொடுக்கப்பட்டன. அத்திட்டத்திலும் எஞ்சிய நிலத்தில் விற்பனைக்கான கோபுரங்கள் எழுவதை எதிர்த்தாக வேண்டும். ஆயினும் வாழ்ந்தவருக்கே உரிமை என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுள்ளது. வியன்னாவில் 1930இல் நகராட்சி திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு, 1934இல் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கி, இன்றும் மக்கள் வாழும் வீடாகவும் பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னமாகவும் நிற்கிறது. தொழிலாளியின் பழைய வீடும் பாரம்பரியமே என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனவே ஒன்றிய, மாநில அரசுகளிடம் கோரிக்கைகள் தெளிவானவை. தங்கவயலில் வாழும் குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் வீடும் மனையும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், கட்டணமின்றிப் பதிவு செய்யப்பட வேண்டும். நிலத் தரகர் கைக்கு அவை போகாதபடி விற்பனைக்குக் காலவரையறையுள்ள தடை வேண்டும். நூற்றாண்டு கண்ட சுவர்களைச் செப்பனிட அரசு நிதி வேண்டும். சயனைடு மேட்டில் கை வைக்குமுன் மக்களின் உடல்நலத்துக்கும் குடியிருப்புக்கும் எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். பெங்களூரில் பழைய வீடுகளில் வாடகைக்கு வாழ்வோரைக் காக்க வாடகைச் சட்டத்தின் 3,500 ரூபாய் வரம்பு அகற்றப்பட வேண்டும்.

பங்களாக்களைக் காக்க விரும்பும் நேர்மையான பாரம்பரிய ஆர்வலர்களும் இந்தக் கோரிக்கைகளுக்குத் துணை நிற்கட்டும். ஒரு வீட்டை நூறாண்டு நிற்க வைப்பது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, அதில் வாழ்ந்து அதைப் பேணியவர்களின் உழைப்பும்தான். அந்த உழைப்புக்குரிய பத்திரம் மனுக்களால் மட்டும் கிடைக்காது. 1930இலும் 1946இலும் தங்கவயல் காட்டிய ஒற்றுமை மீண்டும் எழும்போதே அது மக்களின் கைக்கு வரும்.