கனவானின் காரா, கடனாளியின் காரா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். கட்டம் போட்ட தொப்பி, தோல் கையுறை, நாட்டுப்புற மாளிகை, ஈரம் காயாத குறுகிய சாலை. எம்.ஜி.யும் டிரையம்ஃபும் ஆஸ்டின்-ஹீலியும் ஆங்கிலக் கனவானின் ஓய்வு நேரத்தில் பிறந்த குழந்தைகள் என்பது அவர்தம் துணிபு. நாம் இதை மறுக்கிறோம். மூலபாடத்தைத் தொடாமல் உரையை மட்டும் மெச்சும் வாசிப்பு இது. (ஸ்போர்ட்ஸ் கார் என்பதைப் 'பந்தயக் கார்' எனப் பெயர்ப்பாரும் உளர். வார நாள்களில் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லவும் ஏற்ற வண்டி இது. ஆதலால் அச்சொல்லை விலக்கினோம்.)

பானெட்டைத் திறந்து பார்க்கட்டும். 1953-இல் விற்பனைக்கு வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2-இன் எஞ்சின், ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் என்னும் குடும்பக் காருடையது. அதே வம்சத்து எஞ்சின்தான் ஃபெர்கூசன் டிராக்டரில் வயல் உழுதது. தவளைக்கண் விளக்குகளுக்காக இன்று கொஞ்சப்படும் 1958-ஆம் ஆண்டின் ஸ்பிரைட், எஞ்சினை ஆஸ்டின் ஏ35-இடமிருந்தும் ஸ்டீயரிங்கை மோரிஸ் மைனரிடமிருந்தும் பெற்றது. கதவுக்கு வெளிக் கைப்பிடி இல்லை. டிக்கிக்கு மூடியே இல்லை. அவ்வளவு சிக்கனம்.

இன்னும் சுவையானது ஆஸ்டின்-ஹீலி 100-இன் பிறப்பு. அமெரிக்கச் சந்தையை எண்ணி ஆஸ்டின் நிறுவனம் செய்த ஏ90 அட்லாண்டிக் அங்கே விலைபோகவில்லை. அதன் 2660 சி.சி. எஞ்சினைக் கொண்டு டொனால்ட் ஹீலி ஒரு காரை அமைத்து, 1952-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் நிறுத்தினார். ஆஸ்டினின் தலைவர் லெனார்ட் லார்ட் அதைக் கண்டு, தம் தொழிற்சாலையிலேயே செய்து தர முன்வந்தார்; கண்காட்சி நடக்கும்போதே காரின் பெயரும் மாறியது. தோற்ற காரின் எஞ்சின், தோற்ற நாட்டிலேயே பின்னர் வென்றது. இதில் கனவான் எங்கே வந்தார்?

அழகை மறுக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. 1948-இன் ஜாகுவார் எக்ஸ்.கே.120-ஐ அழகற்றது என்பவன் கண்ணிலான். ஆனால் அதன் எஞ்சினும் பெரிய செடான் காருக்காகவே வடிவமைக்கப்பட்டது.

போரை வென்ற பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது, டாலர் வேண்டியிருந்தது. ஏற்றுமதி செய்பவருக்கே எஃகு என்று அரசு பங்கிட்டது. 1955 முதல் 1962 வரை உருவான எம்.ஜி.ஏ. கார்கள் ஏறத்தாழ 1,01,000. அவற்றுள் உள்நாட்டில் விற்றவை 6,000-க்கும் குறைவு. ஆங்கில மண்ணின் ஆன்மா எனப்படுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு கப்பலேறிப் போயிற்று!

இப்படம் வெறும் அலங்காரமாக நின்றிருந்தால் நாம் வாளாவிருந்திருப்போம். அதன் நிழலில் ஒரு பழியும் வளர்கிறது. பிறப்பைக் கனவானுக்கு எழுதி வைத்தவர்கள், சாவைத் தொழிலாளி தலையில் எழுதுகிறார்கள்: வேலைநிறுத்தங்களே எம்.ஜி.யைக் கொன்றனவாம். பிரிட்டிஷ் லேலண்டின் வேறு ஆலைகளைக் குறித்து இதைச் சொல்லலாம். எம்.ஜி. கார்களைச் செய்த அபிங்டன் ஆலையோ தொழிலுறவில் நற்பெயர் பெற்றது. அங்கே ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடிய கையோடு, 1979 செப்டம்பரில், மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பவுண்டின் மதிப்பு ஏறியிருந்தது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நட்டம் என்றது நிர்வாகம். 1962-இல் பிறந்த எம்.ஜி.பி.யையே அதுவரை விற்கவேண்டி வந்தது எதனால்? அபிங்டன் பொறியாளர்கள் முனைந்த ஏ.டி.ஓ.21 என்னும் புதிய கார் 1970 வாக்கில் கைவிடப்பட்டது. பணமும் கவனமும் டிரையம்ஃப் டி.ஆர்.7-க்குப் போயின. அம்முடிவுகளில் ஒன்றையும் எடுத்தவர்கள் பட்டறையில் நின்றவர்கள் அல்லர். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்களைச் செய்த கைகள், கடைசி ஒன்றை 1980 அக்டோபரில் வெளியே தள்ளிவிட்டு வேலையிழந்து வீட்டுக்குப் போயின.