அடுத்தவர் மூச்சும் நம் மூச்சும்

ஆஸ்துமா உள்ளவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். காலை நடைக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், பழைய கலங்கரை விளக்கத்தில் புறப்பட்டு டூப்ளே சிலையைத் தொடுவதற்குள் இரண்டு மருந்தாவது கைக்கு வந்துவிடும். "சார், எங்க சம்பந்திக்கு இருபது வருஷ இழுப்பு. ஆடாதோடைக் கஷாயம் ஒரு மண்டலம் குடிச்சார். போயே போச்சு!" என்பார் ஒருவர். இன்னொருவர் தூதுவளை, கண்டங்கத்திரி என்று ஆரம்பிப்பார். வௌவால் கறி சிபாரிசு செய்தவரும் உண்டு. ஜூன் மாதம் வந்தால் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறச் சொல்பவர்கள் தனி. அங்கே மிருகசீரிஷக் கார்த்தியன்று உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து அப்படியே விழுங்க வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். அதனால் ஆஸ்துமா தீரும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. "எனக்குச் சரியாயிற்று" என்ற ஒரு வாக்கியம்தான் அத்தனை பேரையும் கூட்டுகிறது.

இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது. படித்தவர்கள் கட்சி. "டாக்டர் சொல்வதைத் தவிர ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளாதே. அடுத்தவன் அனுபவம் நமக்கு எதற்கு?" என்பார்கள்.

நான் இரண்டு கட்சியிலும் சேரமாட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் இழுப்போடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்தவரிடமிருந்து நாம் வாங்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் வாங்குவது தப்பான சரக்கு. அவருடைய மருந்தை வாங்கிக்கொள்கிறோம். அவருடைய கவனிப்பை விட்டுவிடுகிறோம்.

அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இது சட்டென்று புரியும். ஒரு விஷயம் மேஜைக்கு வந்தால் முதலில், "இதற்கு முன்னுதாரணம் உண்டா?" என்று பழைய கோப்பைத் தேடுவோம். கோப்பு கிடைத்ததும் கடைசியில் இருக்கும் உத்தரவை மட்டும் நகலெடுத்து மேலே அனுப்பினால், அதிகாரி நம் முகத்தில் எறிவார். அந்த ஆளுக்கு எத்தனை வருஷ சர்வீஸ், எந்த வகை விடுப்பு, எந்த விதியின் கீழ் கொடுத்தார்கள், நம் ஆளுக்கு அது பொருந்துமா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். அதெல்லாம் குறிப்புப் பக்கங்களில் இருக்கும். ஆஸ்துமா விஷயத்தில் ஊரார் கொண்டுவருவது வெறும் உத்தரவு. குறிப்புப் பக்கங்கள் கிழிந்து போயிருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆஸ்துமா ஆளுக்கு ஆள் வேறு. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கி, சுற்றியிருக்கும் தசை இறுகி, வழி குறுகிப் போவது எல்லோருக்கும் பொது. எது அதைக் கிளப்புகிறது என்பதுதான் வேறு. எனக்குத் தெரிந்த நாலு பேரைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை ஆகாது. மீனவ நண்பர் ஒருவருக்குக் கடலில் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்து பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு இழுப்பு வரும். மெத்தையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் காரணம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குத் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும். எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும்.

நாலாமவர் என்னோடு வேலை பார்த்தவர். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பித்ததிலிருந்து இவருக்கு இழுப்பு கூடியது. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவர்தான் தேதி போட்டுக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டினார். டிமோலால் என்ற அந்தச் சொட்டு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளின் இனம். கண்ணில் விட்டாலும் உடம்புக்குள் போய் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். இரண்டு வருஷம் கழித்து எனக்கும் கண் அழுத்தம் என்று சொன்னார்கள். சொட்டு மருந்து எழுதுவதற்கு முன்பே, "ஐயா, எனக்கு ஆஸ்துமா" என்றேன். வேறு சொட்டு எழுதினார். நண்பருடைய மருந்தை நான் தொடவே இல்லை. அவருடைய குறிப்புப் பக்கம் எனக்குப் பயன்பட்டது.

படித்தவர்கள் கட்சி இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டாக்டர்கள் கையில் இருக்கும் மருந்துகளே எங்கிருந்து வந்தன? பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த நோயை 'அஸ்ம்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தில் இருக்கும் இரண்டு எழுத்துக்கு உச்சரிப்பில் மூச்சே வராது, பொருத்தமான பெயர்தான். அந்தச் சொல்லோடு நினைவுக்கு வருகிறவர் எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட். 9 வயதில் முதல் இழுப்பு. அப்பாவே பெரிய டாக்டர். பாரீஸ் வீட்டில் சுவரெல்லாம் தக்கை பதித்து, ஜன்னலை மூடி, மருந்துப் பொடியைக் கொளுத்தி அந்தப் புகைக்குள் உட்கார்ந்து எழுதினார். அந்தக் காலத்து ஆஸ்துமாப் பொடிகளில் முக்கியச் சரக்கு ஊமத்தை இனத்து இலை. ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் பிரிட்டனுக்குப் போனது நம் சென்னையிலிருந்துதான். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்பவர் கொண்டுபோனார். இங்கே யாரோ கவனித்தது அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் ஊமத்தை விஷம். இன்று யாரும் தொடக்கூடாது. ஊமத்தை இனத்தில் உள்ள அட்ரோபின் என்ற சத்தை மாற்றியமைத்து, அளவு கட்டி, இப்ராட்ரோபியம் என்ற பெயரில் இன்று மூச்சு வழியாகக் கொடுக்கிறார்கள். இலையிலிருந்து அளவுக்கு வர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இன்னும் கேளுங்கள். 1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் மகள், 13 வயது ஆஸ்துமாக்காரி, "தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஏன் வரக்கூடாது?" என்று அப்பாவைக் கேட்டாள். மறு வருஷமே அளவோடு அடிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்தது. ரோஜர் ஆல்டுன்யன் என்ற டாக்டர் தானே ஆஸ்துமாக்காரர். தனக்கு ஆகாத கினிப்பன்றி முடிச் சாற்றை மூச்சில் இழுத்து, வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்தாகத் தன் மேலேயே சோதித்தார். 1965-ல் குரோமோகிளைகேட் கிடைத்தது. நோயாளியின் அனுபவம் வேண்டாம் என்றால் இவையும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா கதை. 1980-களில் அந்த ஊரில் சில நாட்களில் மட்டும் திடீரென்று ஆஸ்பத்திரிகள் ஆஸ்துமாக்காரர்களால் நிரம்பின. மறுநாள் ஒன்றும் இருக்காது. தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: சாப்பாடு, கவலை, காற்று. தேதிகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறக்கிய நாட்கள் அவை. அந்தத் தூசி காற்றில் ஊருக்குள் வந்திருக்கிறது. சேமிப்புக் கிடங்குக்கு வடிகட்டி போட்டார்கள். அந்தக் கொள்ளைநோய் நின்றது. தனி ஆளின் மூளைக்கு எட்டாதது, பலருடைய தேதிகள் சேர்ந்தபோது எட்டியது.

இனி நம் ஊர் வைத்தியர்களிடம் வருகிறேன். என் வயதொத்தவர் ஒருவர், பக்கத்து செக்‌ஷனில் இருந்தவர், காலையும் மாலையும் தடுப்பு இன்ஹேலர் எடுத்துவந்தார். ஒரு கல்யாணத்தில் உறவினர் பிடித்துக்கொண்டார். "மாமா, அது ஸ்டீராய்டு. பழகிப்போயிடும். நான் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு சூரணம்தான் சாப்பிடறேன். பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்?" நண்பர் நிறுத்தினார். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. தடுப்பு மருந்தை நிறுத்தினால் அன்றைக்கே தெரியாது. வீக்கம் மெல்லத்தான் திரும்பும். அந்த இரண்டு வாரத்தில் அவரே நாலு பேருக்குச் சூரணத்தைச் சிபாரிசு செய்துவிட்டார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, நிவாரண இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப அடித்தும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை. காரியம் முடிந்த பிறகு விசாரித்தோம். அந்த உறவினருக்கு இருந்தது தும்மலும் மூக்கடைப்பும். ஆஸ்துமாவே கிடையாது.

அவர் பொய் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம். கெட்டவன் சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இன்ஹேலரில் ஒரு முறை வரும் மருந்து மைக்ரோகிராம் அளவு. மாத்திரை மில்லிகிராம் அளவு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். போவதும் நேராக நெஞ்சுக்கு. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கொப்பளிக்கும் விஷயத்தை எனக்குச் சொன்னவர் டாக்டர் அல்ல. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். வாயில் வெள்ளை பூத்து அவஸ்தைப்பட்டவர். குப்பியில் மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு வந்துகொண்டே இருக்கும், ஆகவே எத்தனை முறை அடித்தோம் என்று எண்ணிவைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. டாக்டரின் ஐந்து நிமிஷத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது?

ஆகவே யாராவது "எனக்குச் சரியாயிற்று" என்றால் வாயை மூடச் சொல்லாதீர்கள். உட்காரவைத்துக் குறிப்புப் பக்கத்தைக் கேளுங்கள். ஆஸ்துமா என்று ஊதிப் பார்த்துச் சொன்னார்களா, நீங்களே வைத்துக்கொண்ட பெயரா? எந்த மாதம், எந்த நேரம் வரும்? அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், வேறென்ன மாத்திரை, சொட்டு மருந்து? நன்றாக ஆகி எத்தனை நாள்? பழைய மருந்தை நிஜமாகவே நிறுத்தினீர்களா, இல்லை இரண்டும் சேர்ந்து ஓடுகிறதா? பாதிப் பேர் மூன்றாவது கேள்வியில் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரிடம் தங்கம் கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கேதான்.

நிவாரண இன்ஹேலர் கேட்காமல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சு இல்லாமல் போனால், யாருடைய அனுபவமும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் வயதுக்காரர்கள் இன்னும் இன்ஹேலரைக் கைக்குட்டைக்குள் மறைத்து, கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் போய் அடிக்கிறோம். வெளியே எடுங்கள். பார்த்தவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அவருடையதையும் சொல்வார். தேதியோடு சொல்லச் சொல்லுங்கள்.