நிபந்தனைப் பட்டாவுக்குக் கடன் இல்லையா?

ராஜபாளையத்து மலையடிவாரத் தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்ப் பாசன வயல்களிலும் தலித் மக்களின் கை படாத வெள்ளாமை கிடையாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ அவர்கள் கையில் இருக்கும் சாகுபடி நிலம் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அந்தக் கொஞ்ச நிலத்துக்காவது கடன் கிடைக்கிறதா?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கியவைதாம் பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் அரசு வழங்கிய நிபந்தனைப் பட்டாக்களிலும் இப்படிப்பட்ட தடைகள் உண்டு. கடன் கேட்டுப் போகும்போது இந்த நிபந்தனையே குறுக்கே நிற்கிறது. இதை அடமானம் வாங்கி நாங்கள் யாரிடம் ஏலம் விடுவது என்பது கடன் கொடுப்பவர் வாதம்.

அப்படியானால் நிபந்தனையை எடுத்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடம் மழை பொய்த்தால் போதும், அந்த நிலம் அடுத்தவர் வேலிக்குள் போய்விடும். நிபந்தனை இருக்கும்போதே எத்தனையோ ஏக்கர் பறிபோயிருக்கிறது. அதை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். அப்படிக் காத்த நிலத்தை ஒரு கடனுக்காக அவிழ்த்துவிட முடியுமா?

சிறு விவசாயியின் பயிர்க்கடனுக்கு அடமானமே தேவையில்லை என்பதுதான் விஷயம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன்பே இந்த வரம்பு 1.6 லட்சமாக இருந்தது. ஆக, இங்கே பட்டா என்பது உழுபவர் யார் என்பதற்கான சான்று மட்டுமே. சான்றுக்கு நிபந்தனைப் பட்டாவும் அடங்கலும் தாராளமாகப் போதும். ஆனால் நடைமுறையில் 'நகை இருக்கா?' என்பதுதான் முதல் கேள்வி. காதில் தோடுகூட இல்லாதவர் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்.

2021-ல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன் என்றார்கள். நல்லதுதான். சங்கத்தின் வாசலை மிதிக்கவே முடியாதவருக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. கந்துவட்டிக்கு யார் தள்ளுபடி தருவார்?

நம் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல வீடுகளில் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் கிடக்கிறது, அல்லது பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் வீட்டுப் பட்டா, சிட்டாவை எடுத்துப் பார்க்கட்டும். வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் உட்பிரிவும் முடியாமல் எந்தச் சங்கத்திலும் பேச முடியாது. பெயர் மாற்றும்போது அம்மா, அக்கா, தங்கை பெயர்களை விட்டுவிட வேண்டாம்.

வாய்மொழிக் குத்தகைக்காரர் பாடு இதைவிட மோசம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வங்கியில் முடியாது என்று சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். பட்டியல் சாதியினரின் கடன் மனுவைக் கிளை அளவிலேயே நிராகரிக்கக் கூடாது, மேல்நிலை அதிகாரிதான் முடிவெடுக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு மனு போக வேண்டும்.