துறைக்கொரு சட்டம், நாளுக்கொரு விதி

கொள்ளைநோய் வாயிலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை எந்த ராஜ்யத்துக்கும் உண்டு. அதை மறுப்பார் எவருமிலர். ஆனால் கதவைச் சாத்துவது வேறு. உள்ளே வருவதற்கு இன்னது நிபந்தனை என்று காலையில் சொல்லி, மாலையில் அதை மாற்றி, மறுநாள் மாற்றியதையும் மறுப்பது வேறு. முன்னது தற்காப்பு, பின்னது அராஜகம். 2020-ம் வருஷத்திலிருந்து 2022-ம் வருஷத்து இறுதி வரையில் ஐரோப்பியத் துறைமுகங்களில் உல்லாசக் கப்பல் பிரயாணிகளும், அக்கப்பல்களில் ஊழியம் புரிந்தோரும் பட்ட பாடு இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை உலகத்துக்கு உணர்த்தியிருக்க வேண்டும். உணர்த்திற்றா என்பதே நமது கேள்வி. கொரோனா நோயின் சர்வதேச அவசர நிலைமை நீங்கிவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதியன்றே அறிவித்துவிட்டதே, பழங்கதையைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அடுத்த கொள்ளைநோய் நம்மிடம் நாள் குறித்துக்கொண்டு வரப்போவதில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை.

கப்பலில் வரும் நோய்க்கு அஞ்சுவது ஐரோப்பாவுக்குப் புதிதன்று. இன்று டுப்ரோவ்னிக் என வழங்கும் ரகூஸா நகரத்தார், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கியிருந்த பின்னரே நகருக்குள் புகலாமென்று 1377-ம் வருஷத்தில் சட்டம் செய்தனர். பிறகு அது 40 நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்ற பதம் பிறந்தது. வெனிஸ் நகரத்தார் 1423-ல் தங்கள் உப்பங்கழித் தீவொன்றில் தனி ஆஸ்பத்திரியே அமைத்துவிட்டனர். நாளடைவில் மத்தியதரைக் கடலில் துறைக்குத் துறை தடுப்பு நாட்களும் கட்டணங்களும் வேறுபட்டு வியாபாரம் சீர்குலையவே, 1851-ல் பன்னிரண்டு ராஜ்யங்களின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடி முதலாவது சர்வதேச சுகாதார மகாநாட்டை நடத்தினார்கள். நோயை மட்டுமின்றி, நோயைத் தடுக்கும் விதிகளின் முரண்பாட்டையும் தீர்க்க வேண்டுமென்பது அம்மகாநாட்டின் நோக்கம். சுமார் 170 வருஷங்களுக்குப் பின்னரும் அதே கடலில் அதே முரண்பாடு தலைவிரித்தாடியதென்றால், இடைக்காலத்தில் ராஜதந்திரிகள் கற்றுக்கொண்டது யாது?

நடந்தவற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 2020 ஜனவரி 30-ந் தேதியன்று இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், ஒரே பிரயாணிக்குக் கண்ட ஜுரத்தின் காரணமாக, 'கோஸ்டா ஸ்மெரால்டா' கப்பலிலிருந்த சுமார் 6,000 பிரயாணிகள் கரையிறங்க அனுமதியின்றி நிறுத்தப்பட்டனர். பரிசோதனையில் அது கொரோனா அன்றெனத் தெரிந்தது. மார்ச்சு 17-ந் தேதி ஐரோப்பிய யூனியன் தலைவர்கள் வெளிநாட்டாருக்கு எல்லையை அடைக்க இணங்கினர். கப்பல்கள் ஓய்ந்தன. ஜூலை 27-ந் தேதி, கப்பல்களை மீண்டும் ஓட்டுவதற்கான யோசனைகளை ஐரோப்பிய அதிகார ஸ்தாபனங்கள் வெளியிட்டன. அதே சமயத்தில் நார்வேயில் 'ரோல்ட் அமுன்ட்சென்' கப்பலில் நோய் பரவிற்று. இறங்கிய பிரயாணிகள் பல ஊர்களுக்கும் சென்றுவிட்ட பின்னரே உண்மை வெளியாயிற்று. ஆகஸ்டு 3-ந் தேதியன்று, நூறு பேருக்கு மேற்பட்டோருள்ள கப்பல்களிலிருந்து எவரும் இறங்கலாகாதென அந்நாட்டுச் சர்க்கார் 14 நாட்களுக்குத் தடை விதித்தனர். அச்சத்துக்கு ஆதாரமே இல்லையென்று நாம் கூறவரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

கண்டிப்பான விதியையும் நாம் குறைகூறவில்லை. 2020 ஆகஸ்டு 16-ந் தேதி ஜெனோவாவிலிருந்து 'எம்.எஸ்.ஸி. கிராண்டியோஸா' புறப்பட்டபோது, கரையில் கப்பலார் அழைத்துச் செல்லும் கூட்டத்தை விட்டு எவரும் பிரியக்கூடாதென்பது விதி. நேப்பிள்ஸில் ஒரு குடும்பத்தார் பிரிந்து சென்றனர். அவர்கள் மீண்டும் கப்பலில் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. கடுமைதான், ஆயினும் விதி முன்கூட்டியே தெரிந்தது, எல்லாருக்கும் ஒன்றாயிருந்தது, காரணமும் விளங்கிற்று. இத்தகைய விதிக்கு அறிவுடையோர் தலைவணங்குவர்.

குழப்பம் பிறந்தது 2021-ல். ஐரோப்பிய யூனியனின் பொது அத்தாட்சிப் பத்திரம் அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பத்திரம் பொதுவாயிருந்ததேயன்றிப் பத்திரத்தைக் கொண்டு யாரை விடுவதென்பது பொதுவாயில்லை. வெளிநாட்டாரை அனுமதிப்பது பற்றி யூனியன் சபை செய்தது வெறும் சிபார்சு, கட்டுப்படுத்தும் சட்டமன்று. சிபார்சுக்கும் சட்டத்துக்குமுள்ள பேதத்தை வக்கீல்கள் அறிவர்; பெட்டி படுக்கையுடன் துறைமுகத்தில் நிற்பவன் அறிவானா? கிரீஸுக்கு ஒரு பாரம், ஸ்பெயினுக்கு மற்றொரு பாரம், இத்தாலிக்கு வேறொன்று. ஏழு நாள் கப்பல் பிரயாணத்தில் மூன்று நான்கு ராஜ்யங்களைத் தொடுகிறவன் அத்தனைக்கும் விடை எழுத வேண்டும். அதன்மேல் கப்பல் கம்பெனியின் நிபந்தனை. அது பலவேளைகளில் நாட்டின் நிபந்தனையினும் கடியது. அதற்கும் மேல், ஊர் திரும்பும்போது தன் சொந்தச் சர்க்கார் கேட்கும் பரிசோதனை. இவற்றுள் ஒன்று மாறினாலும் பிரயாணம் முழுவதும் சரிந்துவிழும்.

மாற்றத்துக்கு அளிக்கப்பட்ட அவகாசத்தை நோக்குக. இங்கிலாந்து 2021-ல் நாடுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தது. பச்சையிலிருந்த போர்ச்சுகல் மஞ்சளுக்கு மாற்றப்படுமென்று ஜூன் 3-ந் தேதி அறிவித்து, 8-ந் தேதி அதிகாலையிலேயே அமுலாக்கினர். பச்சையை நம்பிச் சென்றவர்கள் திரும்ப இடமின்றித் திண்டாடினார்கள். மறுபுறம், முதல் இரண்டு ஊசிகளின் செல்லுபடிக்கு 270 நாள் எல்லை வகுத்த ஐரோப்பிய விதி 2021 டிசம்பர் 21-ந் தேதி முடிவாகி, 2022 பிப்ரவரி 1-ந் தேதியே அமுலுக்கு வந்தது. 2021 மே 1-ந் தேதி இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டவனுக்கு அவ்வெல்லை ஜனவரி 26-ந் தேதியோடு தீர்ந்தது. மேலும் ஓர் ஊசி வேண்டியதாயிற்று. மருந்தின் சக்தி நாளாக நாளாகக் குறைகிறதென்ற காரணம் இருந்தது; ஏறக்குறைய ஆறு வார அவகாசமும் இருந்தது. இரண்டு உத்தரவுகளும் கஷ்டம் தந்தனவே. எனினும் ஒன்றில் நியாயத்தின் சாயல் உண்டு, மற்றொன்றில் இல்லை. சட்டத்தை அறியாமை மன்னிப்புக்கு உரியதன்றென்பது நீதி ஸ்தலங்களின் பழைய வாக்கு. அவ்வாக்கு செல்லுவதற்கு மற்றொன்று முன்னமே நிறைவேறியிருக்க வேண்டும்: சட்டம் அறியக்கூடியதாயிருக்க வேண்டும்.

இந்தியர் விஷயத்தில் இக்குழப்பம் அவமதிப்பாகவும் மாறிற்று. ஆக்ஸ்போர்டில் கண்ட மருந்தே புனாவில் 'கோவிஷீல்டு' என்ற பெயரால் தயாராயிற்று. ஐரோப்பிய மருந்து ஸ்தாபனம் அங்கீகரித்த பட்டியலில் அப்பெயர் இல்லை. அங்கீகாரம் கோரி விண்ணப்பம் வரவில்லை என்றனர். அது ஒரு காரணந்தான். ஆனால் அதன் பலன் யாதாயிற்று? ஒரு நாடு ஏற்றது, அடுத்த நாடு ஏற்கவில்லை. 2021 ஜூலையில், பிரிட்டனிலேயே போடப்பட்ட ஊசியாயினும் மருந்து இந்தியாவில் செய்ததென்ற காரணத்தால் மால்ட்டா பிரிட்டிஷ் பிரயாணிகளை மறுத்தது. ஆட்சேபம் எழுந்தபின் அம்மாதத்திலேயே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் சர்க்கார் கோவிஷீல்டை ஏற்றும், இந்தியாவின் அத்தாட்சிப் பத்திரத்தை ஏற்கத் தயங்கினர். அக்டோபர் 4-ந் தேதி முதல் இங்கு வரும் பிரிட்டிஷாருக்கும் பத்து நாள் தனிவாசமென்று இந்திய சர்க்கார் பதில் உத்தரவிட்டனர். 11-ந் தேதி அங்கே கதவு திறந்தது. ஒரு வாரத்தில் விஞ்ஞானம் மாறிவிட்டதா? மாறியது விஞ்ஞானமன்று. நோயைச் சுமப்பது மனிதனேயன்றி, மருந்துச் சீசாவின் மீதுள்ள ஊர்ப்பெயரன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்திப் பரிசோதிக்கப்பட்ட காலத்தைத் தமிழர் மறந்திரார். நோயைத் தடுக்கும் விதி பிறந்த நாட்டைத் தடுக்கும் விதியாக எவ்வளவு எளிதில் திரிந்துவிடுமென்பதை நமக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை.

உல்லாசப் பிரயாணம் செல்வந்தரின் பொழுதுபோக்கு, அவர்கள் கஷ்டத்துக்கு ஒரு தலையங்கமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கப்பலில் செல்வந்தர் மட்டுமா இருக்கின்றனர்? 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்ஸெஸ்' கப்பலில் 138 இந்தியர் இருந்தனர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். சமையலறையிலும், துப்புரவிலும், யந்திர அறையிலும் உழைப்போர் இவர்களே. பிரயாணிகள் ஊர் சேர்ந்த பின்னரும் எத்தனையோ கப்பல்களின் ஊழியர் மாதக்கணக்கில் நடுக்கடலில் கிடந்தனர். சரக்குக் கப்பல்களையும் சேர்த்து, 2020-ல் இவ்வாறு வீடு திரும்ப முடியாமல் சிக்கியோர் சுமார் 4 லட்சம் பேரென்று சர்வதேச கடல்வழி ஸ்தாபனம் மதிப்பிட்டது. எந்த மாலுமியையும் தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகவே கப்பலில் வைத்திருக்கலாமென்ற 2006-ம் வருஷத்திய ஒப்பந்தம் காகிதமாகவே நின்றது. கரையிறங்குவதைப் பற்றிய விதி மாறும்போது பிரயாணிக்கு விடுமுறை கெடுகிறது. தொழிலாளிக்கு வாழ்வே கெடுகிறது.

திறப்பதிலாவது ஒற்றுமை இருந்ததா? அதுவுமில்லை. பிரிட்டன் 2022 மார்ச்சு 18-ந் தேதியும், கிரீஸ் மே 1-ந் தேதியும், இத்தாலி ஜூன் 1-ந் தேதியும் நிபந்தனைகளை எடுத்துவிட்டன. ஸ்பெயினோ ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு அக்டோபர் 21-ந் தேதிதான் எடுத்தது. ஆகவே அவ்வருஷம் ஜூலையில் பார்சலோனாவில் கப்பலேறி ஜெனோவாவுக்கும் பிரேயஸுக்கும் சென்ற இந்தியன், புறப்படும் துறையில் பத்திரம் காட்ட வேண்டியிருந்தது. சேரும் துறைகளில் கேட்பாரில்லை. கடல் ஒன்று, கப்பல் ஒன்று, கிருமியும் ஒன்று. சட்டம் மட்டும் மூன்று!

சர்வதேச சட்டம் இல்லாமலில்லை. 2005-ம் வருஷத்திய சர்வதேச சுகாதார விதிகளின் 28-வது ஷரத்து, சுகாதாரக் காரணத்துக்காக ஒரு கப்பலைத் துறைமுகத்தை அணுகவொட்டாமல் தடுக்கலாகாதென்று பொதுவாக விதிக்கிறது. 43-வது ஷரத்தோ அதிகப்படியான தடைகளுக்கு இடங்கொடுத்து, பிரயாணத்தைப் பெரிதும் பாதிக்கும் தடையானால் 48 மணி நேரத்துக்குள் காரணத்துடன் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்கிறது. தெரிவிக்காதவனுக்குத் தண்டனை யாதுமில்லை. முன் கதவைப் பூட்டிப் பின் கதவைத் திறந்துவைத்த கதை இது. 2024 ஜூன் 1-ந் தேதி நிறைவேறிய திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19-ந் தேதி அமலுக்கு வந்தன. அமெரிக்கா அவற்றை நிராகரித்துவிட்டது. திருத்தங்கள் நல்லனவே, ஆயினும் நாம் காட்டிய நோய்க்கு அவை முழு மருந்தாகா.

நாம் கோருவன நான்கு. முதலாவது, ஒரு விதியின்கீழ்த் தொடங்கிய கப்பல் பிரயாணம், நடுவில் விதி மாறினும், பழைய விதியின்கீழேயே முடிய வேண்டும். கப்பலில் நோய் கண்டாலன்றி இதற்கு விலக்குக் கூடாது. இரண்டாவது, புதிய நிபந்தனைக்குக் குறைந்த பட்சம் இரண்டு வார அவகாசம் வேண்டும். அவசரத்தால் அது இயலாதபோது, அவசரத்தின் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். மூன்றாவது, உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்பிய மருந்தை எல்லா நாடுகளும், அது எந்த ஊரில் தயாரானதாயினும், ஒப்ப வேண்டும். நான்காவது, பிரயாணி இறங்கும் துறையில் ஊழியனும் இறங்கி வீடு செல்ல வழி வேண்டும். இவற்றை உலக சபைகளில் எழுப்பும் கடமை இந்திய சர்க்காருடையது. எங்கோ ஐரோப்பியக் கடலில் நடப்பதென்று வாளாவிருத்தல் தகாது. அக்கடலில் உழைப்பவர் நம்மவர்.

பிரயாணம் செய்ய எண்ணும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. கொரோனாக் கால நிபந்தனைகள் போயின. பொது அத்தாட்சிப் பத்திரமும் 2023 ஜூன் 30-ந் தேதியோடு காலாவதியாயிற்று. ஆனால் அக்காலம் கற்பித்த எச்சரிக்கை காலாவதியாகவில்லை. கப்பல் தொடும் துறைகளுள் எது மிகக் கடுமையானதோ அதன் விதியையே தமக்குரிய விதியாகக் கொள்ளுக. ஏஜெண்டு சொன்னான் என்பதோடு நில்லாது, அந்தந்தச் சர்க்காரின் அறிக்கையைப் புறப்படும் முன்னர் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுக. ஷெங்கன் நாடொன்றில் கப்பலேறித் துருக்கி அல்லது மான்டிநீக்ரோ துறைக்குப் போய்த் திரும்புகிறவர், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விஸாவை நம்பலாகாது.

இவை தனி மனிதர் செய்துகொள்ளும் தற்காப்பு. ஆனால் ஒவ்வொருவனும் ஒவ்வொரு துறையிலும் தனக்குத்தானே வக்கீலாக வேண்டியிருக்கும் உலகம் நாகரிக உலகமாகாது. நோயை எதிர்க்க ராஜ்யங்கள் கண்டிப்பாயிருக்கட்டும். அக்கண்டிப்பு எல்லாருக்கும் ஒன்றாயும், முன்னறிந்ததாயும், காரணமுடையதாயும் இருக்கட்டும். அமைதியாயிருக்கும் இன்றே அதற்கு வழிசெய்யாவிடில், அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் இதே துறைமுகங்களில் இதே ஓலம் எழும். அன்று எழுதப்படும் எந்தத் தலையங்கத்தாலும் பயன் இராது.