தானாக இயங்கும் ஏ.சி.யும் நம் குடும்ப வண்டிகளும்

நமது சங்க உறுப்பினர்கள் பலர் இன்று ஏழு பேர் அமரும் குடும்ப வேன் வைத்திருக்கிறார்கள். கல்யாணம், குலதெய்வம் கோவில், மதுரை ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். புதிதாக வாங்கப்போகிறவர்களும் உண்டு. அவர்கள் பணம் கட்டுமுன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டுகிறோம்.

நாம் வாங்கியது மேல் ரகம். கையால் திருகும் சாதாரண ஏ.சி. உள்ள ரகத்தைவிட விலை லட்சத்துக்கு மேல் கூடுதல். "22 என்று வைத்துவிட்டால் போதும் அண்ணாச்சி, மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும்" என்றார் விற்பனையாளர். இரண்டு வருடம் பார்த்துக்கொள்ளவும் செய்தது. மூன்றாவது சித்திரையில் கோளாறு ஆரம்பித்தது. காற்று திடீரென்று புயலாக வீசும், கேட்காமலே அடங்கும். ஓட்டுபவர் பக்கம் குளிரும், இடது பக்கம் அனல் வரும். டேஷ்போர்டுக்குள் பல்லி சொல்வதுபோல் டிக், டிக் என்று சத்தம் வேறு.

மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்த நம் அக்காவை இடதுபக்க முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது அவர்களுக்கு மயக்கம் வந்துவிட்டது. கட்டுப்போட்ட கண்ணில் தூசி படக்கூடாதே என்று கண்ணாடியை இறக்கவும் பயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடை நிழலில் நிறுத்தி, மோர் வாங்கிக் கொடுத்து, வெயில் தாழ்ந்த பிறகே சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில், "கண்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும், 38,000 ரூபாய்" என்றார்கள். என்ன பழுது என்று கேட்டால், கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது என்று பதில். நம் கடையில் வாங்கிய துவரம் பருப்பில் வண்டு இருந்தால் மூட்டையை மாற்றிக் கொடுக்கிறோம். கிடங்கையே இடித்துக் கட்டுங்கள் என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறோமா?

கடைசியில் நம்மூரில் ஏ.சி. வேலை பார்க்கும் ஒரு தம்பி அரை நாளில் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில் வெயிலை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் நாம் பிள்ளையாரைப் பீடத்தோடு ஒட்டிவைத்திருந்தோம். ஆகவே வண்டிக்கு நடுப்பகலிலும் இருட்டு! உள்ளே இருக்கும் சூட்டை அளக்கும் சென்சார் ஸ்டியரிங் பக்கத்தில் சிறு துளைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தூசி அடைத்திருந்தது. காற்று ஃபில்டரைக் கழற்றினால் மிளகாய் நெடி. தம்பி தும்மி ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. வத்தல் சாம்பிள் பைகளைக் குடும்ப வண்டியில் ஏற்றியது நம் தவறுதான், ஒப்புக்கொள்கிறோம்.

பெரிய பழுது ஒன்றே ஒன்று. குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் கலந்துவிட உள்ளே சிறு கதவுகள் உண்டு. அவற்றைத் திருப்பச் சின்ன மோட்டார்கள். இடதுபக்க மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, கதவு பாதியில் நின்றுவிட்டது. டிக், டிக் சத்தம் அதுதான். மோட்டாரும் கூலியும் சேர்த்து 4,300 ரூபாய். மேற்படி 38,000 ரூபாயைக் கொடுத்திருந்தாலும் இந்த மோட்டார் அப்படியேதான் கிடந்திருக்கும் என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று, பில் எந்தப் பெயரில் என்பது. நம்மில் பலர் வண்டியைக் கடைப் பெயரில் வாங்குகிறோம். நம்மைப் போன்ற பலசரக்கு வியாபாரிகளுக்கு, ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை அமரும் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆனால் வழக்கு என்று போனால், "இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். கம்பெனிப் பெயரில் வாங்கி இயக்குநர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரின் உட்பகுதி மிஞ்சிச் சூடாவதாக வந்த வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அது பல வருட அலைச்சலுக்குப் பிறகு. 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். எனினும் குடும்ப வண்டியைச் சொந்தப் பெயரில் வாங்குவதே நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

வாங்குமுன் இன்னும் ஒரு வேலை. அந்தச் சின்ன மோட்டார் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன, திருநெல்வேலியில் இருப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கையால் திருகும் ஏ.சி. உள்ள ரகத்தை எடுங்கள். அடுத்த வண்டிக்கு அதுவே போதும் என்று நம் மகனிடம் சொல்லியிருக்கிறோம். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.