ருஷியாவில் ஒளித்த கணக்கு

ருஷியாவில் நடந்த பொதுவுடைமை ஆட்சியைப் பற்றி நாம் ஏதாவது குறை சொன்னால் நமது தோழர்கள் சிலருக்கு ஆத்திரம் வந்துவிடுகிறது. "பூசாரிகளை ஒழிக்கப் புறப்பட்ட ஆட்சியின் குற்றத்தை நாமே சொல்லி வைதிகர்கள் கையில் தடி எடுத்துக் கொடுக்கலாமா?" என்கிறார்கள். புராணக்காரனிடம் ஆதாரம் கேட்கிற நாம், நமக்குப் பிடித்தவர்கள் விஷயத்தில் மாத்திரம் அந்தக் கேள்வியை மடியில் முடிந்துகொள்வது யோக்கியமாகுமா?

1934-ஆம் வருஷத்துக் கட்சி மகாநாட்டில் ஸ்டாலின், முந்தின வருஷ முடிவில் சோவியத் ஜனத்தொகை 16 கோடியே 80 லட்சம் என்றார். 1937 ஜனவரி 6-ந் தேதி சென்சஸ் எடுத்தால் சுமார் 16 கோடியே 20 லட்சந்தான் தேறிற்று. 1932-33 பஞ்சத்தில் செத்தவர்கள் எழுந்துவந்து கணக்குக் கொடுப்பார்களா? அந்தச் சென்சஸில் மதத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. புரட்சி நடந்து 20 வருஷமாகப் போகிறது. கோயில்கள் இடிபட்ட காலம். சர்க்கார் ஆள் நேரில் வந்து கேட்கிறான். அப்படியிருந்தும் 16 வயதானவர்களில் நூற்றுக்குச் சுமார் 57 பேர் தங்களுக்கு மதநம்பிக்கை உண்டென்றே சொன்னார்கள். இது நமக்கு ருசிக்கிற சங்கதியல்ல. அவர்கள் நம்பினது தப்பென்றுதான் இன்றும் சொல்லுவோம். ஆனால் அந்தத் துணிச்சல் பொய்யாகிவிடுமா?

சர்க்கார் என்ன செய்தது? கணக்கே தப்பென்று தள்ளிற்று. புள்ளிவிவர இலாகாத் தலைவர் கிராவல் அந்த வருஷமே சுட்டுக்கொல்லப்பட்டார். 1939-இல் மறுபடி எண்ணி 17 கோடி என்று அறிவித்தார்கள். மதக் கேள்வியைக் காணோம்! இடையில் 1938-இல் வெளியான கட்சிச் சரித்திரச் சுருக்கத்தை எல்லோரும் வேதபாராயணம் போல் படிக்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டுச் சரித்திரக்காரர்களுக்கோ தஸ்தாவேஜு கிடையாது. ஜெர்மானியர் ஸ்மோலென்ஸ்கில் பிடித்து, பின்பு அமெரிக்கர் கைக்கு வந்த கட்சிக் காகிதங்களை வைத்து 1958-இல் பேன்சாட் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு கட்சியார் எல்லாம் மேலிருந்து நடந்தது என்றார்கள்; ஷீலா பிட்ஸ்பாட்ரிக் போன்றவர்கள் கீழே உள்ள ஜனங்களையும் பாருங்கள் என்றார்கள். 1991-க்குப் பின் காகிதக் கட்டுகள் திறந்தபோது இரு தரப்பாருக்கும் சங்கடந்தான். 1937-38-இல் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று போலீஸ் கணக்கே சொல்லிற்று. மேல்நாட்டில் சிலர் சொன்னதைவிட இது குறைவு. இங்கே சிலர் ஒப்புக்கொண்டதைவிட எவ்வளவோ அதிகம். பஞ்சச் சாவு 70 லட்சம் என்று கான்குவெஸ்ட் 1986-இல் எழுதினார். டேவிஸும் வீட்கிராப்டும் 2004-இல் 55 முதல் 65 லட்சம் என்றார்கள். வேண்டுமென்றே செய்ததா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். செத்தார்களா என்பதில் வழக்கில்லை.

பெரியார் ருஷியாவைப் பார்த்துவந்து பாராட்டியது அந்த 1932-இல்தான். விருந்தாளிக்குக் காட்டாத ஊர்கள் எங்கும் உண்டு. அவர் கண்டதைச் சொன்னார். காணாததையும் சேர்த்துச் சொல்லுவது நமது வேலை.

செத்தவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த 'மெமோரியல்' சங்கத்தை 2021 டிசம்பரில் ருஷிய சுப்ரீம் கோர்ட்டு கலைத்துவிட்டது. அதைக் கலைத்த சர்க்கார் பொதுவுடைமை சர்க்காரல்ல, பாதிரிமாரின் ஆசீர்வாதம் பெற்ற சர்க்கார் என்பதை, தடியைப் பற்றிக் கவலைப்படும் தோழர்கள் கவனிப்பார்களாக.